கிணற்றடியில் வசந்தியைப் பார்த்த வௌவால்

என் தங்கை வசந்திக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. நாக்கைச் சொடுக்கி, அது சுவரில் பட்டுத் திரும்பும் சத்தத்தை வைத்தே வீட்டுக்குள் நடமாடுவாள். வெளியில் மட்டும் கூச்சம், சொடுக்கவே மாட்டாள். "வௌவாலும் இப்படித்தானாமே, ஒரு தடவை கேக்கணும்க்கா" என்று ஒரு வருடமாக நச்சரிப்பு. வௌவால் சத்தத்தை நம் காதுக்கு எட்டும்படி மாற்றித் தரும் கருவியைத் தோழி ஒருத்தி ஒரே ஒரு நாளைக்கு இரவல் தந்தாள். போன பிப்ரவரியில் ஒரு ஞாயிறன்று கிளம்பிவிட்டோம்.

திருப்பதியிலிருந்து சித்தூர் எழுபது கிலோமீட்டர், பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அங்கிருந்து கங்காதர நெல்லூர் பக்கம் ஆட்டோ. காத்திருந்து திரும்பக் கொண்டுவிட அறுநூறு ரூபாய். ஓட்டுநர் முனிரத்தினம் பெருமையாக ஒரு புளியமரத்தடியில் இறக்கினார். கிளைகொள்ளாமல் பெரிய பெரிய வௌவால்கள். கருவியோ கம்மென்று கிடந்தது. அட ராமா! அவை பழந்தின்னிகள், கண்ணால் பார்த்தே பறப்பவை. வசந்தியின் முகம் சுண்டிப்போனது.

"பூச்சி துன்ற சின்னதுங்கதானே கத்தும்? எங்க கெணத்துல கீது, வாம்மா" என்றார், நான் விளக்கியதைக் கேட்ட பக்கத்துக் கரும்புத் தோட்டத்துக் கௌரம்மா.

போனோம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மோட்டாரும் தண்ணீரும் சேர்ந்து கருவிக்குள் ஒரே இரைச்சல், எனக்கு எரிச்சலான எரிச்சல்.

"ஏழு மணிக்குக் கரண்ட் பூடும். இன்னும் பாதி நெலம் நனையல" என்று முனகிய கௌரம்மா வசந்தியைப் பார்த்தார். "போவுது போ, கரண்ட் போறதுக்குள்ள வௌவாலுங்க பறந்து பூடும். பத்து நிமிசத்துல கரும்பு செத்தா பூடும்?" மோட்டாரை நிறுத்திவிட்டார்.

"கரண்ட் இருக்கச்சே மோட்டார நிறுத்துற ஆள இன்னிக்குத்தான் பாக்குறேன்!" என்று வாய்பிளந்தார் முனிரத்தினம்.

டிக்... டிக்... டிக்... கருவி பேசியது! இரையை நெருங்க நெருங்கச் சொடுக்கு வேகமெடுத்து, கடைசியில் பர்ர்ர் என்றாகிவிடுகிறது. "பூச்சிய புடிக்கப் போகுதுக்கா!" என்று குதித்தாள் வசந்தி. அடுத்து ஒன்று நேராக அவள் முகத்துக்கு வந்து, சொடுக்கை விரைவாக்கி, சட்டென்று விலகியது.

"என்னைப் பாத்துட்டு ஒதுங்கிப் போச்சுக்கா!"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

போகிறவர்களுக்கு: பொழுது சாயும்முன் போய்விடுங்கள். நிலத்துக்காரரைக் கேட்காமல் கிணற்றருகே போகாதீர்கள், உள்ளே டார்ச் அடிக்காதீர்கள். கரண்ட் போகும் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். எல்லாத் தோட்டத்திலும் கௌரம்மா இருக்கமாட்டார்.

சித்தூர் பஸ் ஸ்டாண்டில் நல்ல கூட்டம். வசந்தி என் கையை விட்டாள். எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாக நாக்கைச் சொடுக்கினாள். எதிரே இருந்த தூணை ஒதுங்கி, எனக்கு முன்னால் நடந்தாள்.