ஆரோக்கியம் போட்டிருந்த ஸ்வெட்டர்

புதுக்கோட்டையில் ஸ்வெட்டர் பின்னுகிற பெண்ணைக் கட்டிக்கொண்டவன் அநேகமாக நான் ஒருவன்தான். சித்திரை மாதத்தில் மின்விசிறி சுடுகாற்றை அள்ளிக் கொட்டும். நான் பனியனைக் கழற்றிப் போட்டுவிட்டு, தரையில் தண்ணீர் தெளித்துப் படுத்திருப்பேன். என் மனைவி ஆரோக்கியம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து கம்பளி நூலில் கழுத்துப் பட்டை பின்னிக்கொண்டிருப்பாள். பார்த்தாலே எனக்கு வேர்க்கும்.

என் பெயர் சார்லஸ். முப்பத்தோரு வருஷம் டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவன். அவள் பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் சமையல்காரியாக இருந்தாள். இருபத்தாறு வருஷம் அடுப்பு முன்னால் வெந்தவளுக்கு மலைக் குளிர் மறந்திருக்க வேண்டும். மறக்கவில்லை. மழை பிடித்துக்கொண்டால் திருக்கோகர்ணத்தில் மற்றவர்களுக்கு வீடு ஒழுகுகிற கவலை. அவளுக்கு மட்டும் எந்தப் பிள்ளை எங்கே நடுங்குகிறதோ என்ற கவலை.

அதனால் பார்க்கிறவர்களுக்கெல்லாம் ஸ்வெட்டர். அபுதாபியில் வேலை செய்கிற எங்கள் மகன் பிரவீன்குமாருக்கு மூன்று அனுப்பியிருக்கிறாள். ஏ.சி. ரூமில் போட்டுக்கொள்கிறேன் என்று போனில் புளுகுவான். தபால்காரர் நிலவழகன் கையோடு வாங்கிப் போய் ஸ்கூட்டர் சீட்டுக்கு மாட்டிவிட்டார். எனக்கு மட்டும் ஏழு. இந்த ஊரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினால் ஜுரமா என்று கேட்பார்கள். நான் ஒன்றைக்கூடப் போட்டதில்லை.

அவள் பிறந்தது கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில். என் மாமனாருக்குச் சொந்த ஊர் குளத்தூர்; பிழைப்புக்காக மலையேறியவர். உறைபனி விழுந்த காலையில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்குமாம், மிதித்தால் நொறுங்குமாம். தேயிலைக் கொழுந்து கருகிவிடும். நான்கு பிள்ளைகளும் ஒரே போர்வைக்குள் கிடந்து, யார் நடுவில் படுப்பது என்று அடித்துக்கொள்வார்கள். பள்ளிக்கூடம் கிளம்பும்போது ஆத்தா ஆளுக்கு இரண்டு சட்டைப் பைக்குள்ளும் ஒவ்வொரு சுட்ட உருளைக்கிழங்கைப் போட்டுவிடுவார். வழியெல்லாம் கைக்குச் சூடு, இடைவேளையில் வயிற்றுக்கு. பாதி வழியிலேயே தின்றுவிட்டுக் கை விறைத்துப்போய் அழுகிறவள் இவள்தான். அதையும் அவளே சொல்லிச் சிரிப்பாள்.

என் மாமியார் சந்தையில் கிடைக்கும் பழைய கம்பளிகளைப் பிரித்து, நூலாக்கி, மறுபடி பின்னுகிறவர். அப்படித் தனக்கென்று பின்னிக்கொண்டது ஒரு ஸ்வெட்டர். நூல் போதாமல் மேல்பாதி செம்மண் நிறம், கீழ்ப்பாதி பச்சை. கடைசிப் பையன் எட்டாம் மாதத்தில், தை மாதக் குளிரில் பிறந்தான். இரண்டு மாதம் அவனை அந்த ஸ்வெட்டருக்குள்ளேயே நெஞ்சோடு வைத்துப் பித்தானைப் போட்டுக்கொண்டு நடமாடினாராம். என் மச்சான் இன்றைக்குத் திருப்பூரில் தொண்ணூறு கிலோ எடையோடு இருக்கிறான்.

ஆரோக்கியத்துக்குப் பதினாலு வயதில் குடும்பம் மலையை விட்டு இறங்கியது. இறங்கியது சித்திரை மாதம். ஆத்தா கொடுத்த அந்த ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டேன் என்று குளத்தூர் வரைக்கும் பஸ்ஸில் புழுங்கிக்கொண்டே வந்திருக்கிறாள். அதற்கப்புறமும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் அதை மாட்டிக்கொண்டுதான் காய்கறி வாங்கப் போவாள். நான் பத்தடி தள்ளி நடப்பேன். தெரிந்தவர்கள் எதிரே வந்தால் இருபதடி.

பக்கத்து வீட்டில் பிரகதாம்பாள் இருக்கிறாள். புருஷனை இழந்தவள். தம்பி கண்ணன் மஸ்கட்டில் வேலை பார்க்கிறான். அவன் மனைவி ஹரிணி இவளோடு இருக்கிறாள். ஹரிணிக்குத் தாயில்லை, ஆகவே தலைப்பிரசவமும் இந்த வீட்டுப் பொறுப்பாகவே ஆகிவிட்டது. போன கார்த்திகையில், எட்டு மாதம் முடியும் முன்னே ஒன்றரைக் கிலோவில் பெண் குழந்தை பிறந்தது. இருபத்தொரு நாள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, ஒன்று எண்ணூறு வந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். குழந்தையைக் கதகதப்பாக வைத்திருக்க வேண்டும், தலையும் காலும் மூடியிருக்க வேண்டும், அம்மாவின் மார்போடு சேர்த்து வைக்க வேண்டும் என்று பத்துத் தடவை சொல்லி அனுப்பினார்களாம். வெளியே மூன்று நாளாக அடைமழை.

ஆரோக்கியத்தைக் கேட்க வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மஞ்சள் நிறத்தில் குட்டி ஸ்வெட்டர், குல்லா, காலுறை எல்லாம் எடுத்துக்கொண்டு போனாள். வெள்ளிக்கிழமையே புது நூல் வாங்கி ஆரம்பித்திருக்கிறாள். பிரகதாம்பாள் இரண்டு கையாலும் வாங்கி, அழகா இருக்குக்கா என்று சொல்லி, முப்பது கழியட்டும், போடுகிறேன் என்று அலமாரியில் வைத்துவிட்டாள். அந்த வீட்டில் முப்பதாம் நாள் புண்ணியதானம் முடிந்து தீட்டு கழிகிற வரைக்கும் குழந்தை மேல் புதுத்துணி படக்கூடாது. நன்றாக வாழ்ந்த பெரியவர்கள் உடுத்திக் கழித்த பழந்துணிதான். பிரகதாம்பாள் தன் அப்பாவின் வேட்டிகளைக் கிழித்துச் சுற்றியிருந்தாள். தலையில் கட்டிய துண்டு நழுவி நழுவி விழுந்தது. மழைக்காற்றில் எந்தத் துணியும் சரியாகக் காயவில்லை.

வீட்டுக்கு வந்து ஆரோக்கியம் என்னிடம் எரிந்து விழுந்தாள். அவர்கள் வீட்டு வழக்கத்தில் நீ மூக்கை நுழைக்காதே என்றேன். அன்றைக்கு எனக்குச் சோறு மட்டும்தான் போட்டாள், பேச்சில்லை.

திங்கட்கிழமை காலை நர்ஸம்மா வந்து எடை பார்த்தார். ஒன்று எழுநூற்று நாற்பது. அறுபது கிராம் குறைந்திருந்தது. காலைத் தொட்டுப் பார்த்தார், சில்லென்று இருந்தது. வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் மறுபடி எடை பார்ப்பார்கள். ஏறவில்லை என்றால் திரும்பவும் பெட்டிக்குள்தான் என்றார். ஹரிணி சத்தமில்லாமல் அழுதாள். நர்ஸம்மா போனதும் ஆரோக்கியம் அலமாரியைப் பார்த்து, அதைப் போடேன் பிரகதா என்றாள். அதற்குப் பிரகதாம்பாள் சொன்னதை ஆரோக்கியம் வந்து அப்படியே என்னிடம் சொன்னாள்.

"நான் புதுசு போட்டுப் பாத்துட்டேன்க்கா. சிங்கப்பூர்லேருந்து வந்த கவுனு. ஆசையில அஞ்சாம் நாளே என் கையால போட்டேன். ஒன்பதாம் நாளு போயிருச்சு."

நாங்கள் இந்தத் தெருவுக்குக் குடிவந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அதற்கு முந்திய சங்கதி. அவளுக்கு ஒரு பிள்ளை பிறந்து தவறியது என்று தெருவில் சொல்வார்கள், இவ்வளவு தெரியாது. அது கவுனால் போன உயிரா என்று நானும் கேட்கலாம், நீங்களும் கேட்கலாம். பெற்றவளிடம் போய் யார் கேட்பது?

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பெரிய யோசனை என்றுதான் நினைத்தேன். அந்த மஞ்சளையே நாலு தரம் துவைத்து, கொஞ்சம் அழுக்காக்கி, பழசு என்று கொடுத்துவிடேன் என்றேன். ஆரோக்கியம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னைய நம்பித்தாங்க வாங்குவா. அவகிட்டப் பொய்யச் சொல்லியா புள்ளைக்குத் துணி போடச் சொல்றீங்க?"

சரி, என்னுடைய ஏழில் ஒன்றைப் பிரி, எல்லாம் வருஷக்கணக்காகப் பெட்டியில் கிடக்கிறதே என்றேன்.

"போடாத துணி எத்தன வருஷம் கெடந்தாலும் புதுசுதாங்க."

முப்பத்தைந்து வருஷத்தில் எனக்கென்று ஏழு ஸ்வெட்டர் பின்னியிருக்கிறாள். ஒரே ஒரு மழைக்கு, வீட்டுக்குள்ளேயாவது, ஒன்றை மாட்டியிருந்தால் இன்றைக்கு அது பழந்துணி. தெருக்காரன் சிரிப்பான் என்று பார்த்தேனே தவிர, பின்னியவள் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அவள் உள்ளே போய்த் தன் ஸ்வெட்டரை எடுத்துவந்து மடியில் போட்டுக்கொண்டாள். குளிர்கிறது போல என்று நினைத்தேன். பிறகுதான் பக்கத்தில் கத்தரிக்கோலைப் பார்த்தேன். கோத்தகிரியிலிருந்து அவளிடம் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். ஒரு போட்டோகூடக் கிடையாது.

"ஏ, வேணாம் ஆரோக்கியம். அத்தை கையால பின்னுனது. ஒனக்குன்னு வேற என்ன இருக்கு?"

அவள் தையலைப் பிரித்து நூல் முனையைத் தேடிக்கொண்டே சொன்னாள். "ஆத்தா இருந்தா இந்நேரம் பிரிச்சு முடிச்சிருக்கும்."

அப்படிச் சொன்னாளே ஒழிய, முதல் வரிசை அவிழும்போது அழுதுவிட்டாள். நான் எதிரே உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினேன். நூலை என் கைகளில் சுற்றிக்கொண்டே வந்தாள். முழங்கைப் பக்கம் நைந்து அறுந்து அறுந்து வந்தது. பச்சைப் பகுதி மட்டும் முழுசாகக் கிடைத்தது. வெந்நீரில் அலசினோம். வெயில் இல்லாததால் துணியை மேலே போட்டு நான்தான் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத் தேய்த்து உலர்த்தினேன். பஸ்ஸில் நின்ற காலத்தில்கூட எனக்கு இப்படிக் கை வலித்ததில்லை. அவள் சாப்பாட்டு நேரம் போக மற்ற நேரமெல்லாம் ஊசியைக் கீழே வைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஒரு குட்டி ஸ்வெட்டரும், ஒரு குல்லாவும், இரண்டு காலுறையும் ஆகியிருந்தன.

இருவருமாகவே கொண்டுபோனோம். நான் வாசல்படியில் நின்றுகொண்டேன். பழைய நூலா என்று பிரகதாம்பாள் கேட்கவில்லை. கையில் வாங்கியதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பச்சை நிறத்தைப் பார்த்தாள், ஆரோக்கியத்தைப் பார்த்தாள். இத்தனை மழைக்காலமாக அந்த ஸ்வெட்டர் தெருவில் போய் வந்ததைப் பார்க்காதவர்கள் யார்?

"இதப் போயி பிரிச்சுட்டீங்களேக்கா."

எங்கள் ஆத்தா போட்டது, ஆத்தா எண்பத்தேழு வயது வரை இருந்தது, அப்புறம் நான் போட்டேன், எனக்கும் ஒரு குறையுமில்லை என்று ஆரோக்கியம் சொன்னாள். தம்பியை அதற்குள் வைத்து வளர்த்ததையும் சொன்னாள். ஹரிணி கட்டிலிலிருந்து தன் நாத்தனாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரகதாம்பாள் அந்தக் கம்பளியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு அதை ஆரோக்கியத்திடமே நீட்டினாள்.

"நீங்களே போட்டு விடுங்க. என் கை வேணாம்க்கா."

ஆரோக்கியம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வந்ததுலேருந்து இந்தப் புள்ளையத் தொடச்சு, துணி மாத்திப் பாத்துக்கிட்டது யாரு கை? நீதான் போடணும்."

அவள் போட்டாள். வேட்டித் துணிக்கு மேலே, ஒவ்வொரு விரலாகப் பார்த்துப் பார்த்து நுழைத்தாள். குல்லா பெரிதாகி மூக்கு வரை இறங்கிவிட்டது. ஆரோக்கியம் அதை ஒரு மடிப்பு மடித்துவிட்டாள். அப்புறம் குழந்தையைத் தூக்கி ஹரிணியின் மார்பில் படுக்க வைத்தார்கள். பிரகதாம்பாள் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து, குழந்தையின் மூச்சை எண்ணுகிறவள் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் முழுக்கவும் அப்படியேதான் இருந்தாள் என்று ஹரிணி சொன்னாள்.

வியாழக்கிழமை ஆட்டோவில் எல்லோரும் போனோம். நான் டிரைவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் துணிகளைக் கழற்றித் தட்டில் படுக்க வைத்தபோது பிரகதாம்பாள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒன்று எழுநூற்று எழுபது என்று நர்ஸ் சொன்னார். முப்பது கிராம் ஏறியிருந்தது. கால் சூடாக இருக்கிறது, வீட்டுக்கே கொண்டு போகலாம் என்றார். ஹரிணி விடாமல் மார்போடு வைத்திருந்ததும், பால் இறங்கியதும், கம்பளியும் எல்லாம் சேர்ந்துதான் இருக்கும். யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க எனக்கு மனசில்லை.

திரும்பும்போது கீழ ராஜ வீதியில் நெரிசல். ஆட்டோ நின்று நின்று போனது. ஹரிணி கண்ணனுக்குப் போன் போட்டு எடையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் போனை வைத்தபிறகு பிரகதாம்பாள் மெதுவாகப் பேசினாள்.

"எம் புள்ளைக்கு ஒரு பேரு நெனச்சு வச்சிருந்தேன்க்கா. முப்பதாம் நாளு காதுல சொல்லணும்னு யாருகிட்டயும் சொல்லல. அதுக்குள்ள போயிட்டா."

என்ன பெயர் என்று ஆரோக்கியம் கேட்டாள்.

"அமுதவல்லி."

ஆரோக்கியம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அமுதவல்லி என்று ஒரு தரம் சொன்னாள். விளையாடப் போன பிள்ளையை வாசலில் நின்று கூப்பிடுகிற அளவுக்கு வாய்விட்டுச் சொன்னாள். டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தார். பிரகதாம்பாள் அவள் தோளில் சாய்ந்து, வீடு வரைக்கும் அழுதாள். அந்தக் குழந்தையை அதுவரைக்கும் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.