தந்தூரி அடுப்பில் காட்டிய மேளம்

துபாயில் எனக்குக் கிடைத்த வேலைகளிலேயே சுகமானது, ஒரு வாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஹோட்டல் பாரின் மூலையில் ஒரு ஏசி இருந்தது. குளிரைக் கொடுத்த அளவுக்கு அது தண்ணீரையும் கொடுத்தது. அதன் அடியில் ஒரு வாளி. வாளி வழிவதற்குள் எடுத்துப் போய்க் கொட்ட வேண்டும். மேஜை துடைப்பது, கிளாஸ் எடுப்பது, சாம்பல் கிண்ணம் தட்டுவது எல்லாம் நடுநடுவே உண்டு. ஆனால் வேலைக்குச் சேர்ந்த அன்று மானேஜர் என்னிடம் முதலில் காட்டியது வாளியைத்தான்.

அதற்கு முன்பு சைட்டில் கம்பி கட்டிக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்பில் பாதியில் இறங்கிக்கொண்டவனுக்கு அதுவே பெரிய வேலை. கோடையில் கம்பியை வெறும் கையால் தொட முடியாது. சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு தொடுவோம். மத்தியானத்தில் யாராவது ஒருவர் மயங்கி விழுவார். உப்புத் தண்ணீர் கொடுத்து நிழலில் கிடத்திவிட்டு மற்றவர்கள் வேலையைப் பார்ப்போம். சில நாள் அந்த ஒருவர் நானாக இருந்தேன். விழுந்தவனுக்குக் கொஞ்ச நேரம் நிழல் கிடைக்கும் என்பதால் அதைப் பெரிய துன்பம் என்று சொல்ல மாட்டேன்.

எங்கள் கான்ட்ராக்டர் ஹோட்டல்களுக்கும் ஆள் அனுப்புவார். வியாழக்கிழமை சாயங்காலம் பாரில் பாட்டு வைக்கப் போகிறார்கள், கூட ஓர் ஆள் வேண்டும் என்று ஒரு நாள் கேட்டு வந்தார்கள். "இங்கிலீஷ் தெரியுமா?" என்றார் ஃபோர்மன். "யெஸ் சார்" என்றேன். அந்த இரண்டு வார்த்தையும் எனக்குத் தெரியும் என்பதால் அது பொய் ஆகாது.

பாட்டு என்று சொன்னார்களே தவிர, யாரும் பாடவில்லை. அயர்லாந்துக்காரர்கள் மூன்று பேர் வந்து வாசித்தார்கள். கப்பல் பழுது பார்க்கும் துறை கட்டுகிற இடத்தில் வேலை செய்பவர்கள். ஒருவரிடம் பிடில். ஒருவரிடம் தகரத்தில் செய்த சின்னக் குழல். மூன்றாமவர் சிவப்புத் தாடிக்காரர், பகலில் கிரேன் ஓட்டுகிறவர். அவரிடம் ஒரு மேளம். வட்டமான மரச் சட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் ஆட்டுத் தோல் கட்டியிருக்கும். பார்த்தால் நம் ஊர்த் தப்பட்டைதான். ஆனால் மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, ஒரு கையைத் தோலுக்குப் பின்னால் கொடுத்து, ஒரு குட்டைக் குச்சியின் இரண்டு முனையாலும் மாற்றி மாற்றி அடிப்பார்.

முதல் வாரம் நான் மூன்று நாற்காலியை ஜனங்களைப் பார்த்து வரிசையாகப் போட்டேன். கச்சேரி என்றால் அப்படித்தானே போட வேண்டும்? அவர்கள் வந்ததும் நாற்காலிகளை வட்டமாகத் திருப்பி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்கார்ந்தார்கள். தெரியாமல் செய்கிறார்கள் என்று நினைத்து, அவர்கள் எழுந்து போன சமயத்தில் மறுபடியும் நேராக்கினேன். வந்து மறுபடியும் திருப்பினார்கள். ஊரில் விளக்குக் கம்பத்தில் ஏறிக்கூடக் கச்சேரி பார்த்திருக்கிறேன். முதுகைப் பார்த்துக் கேட்கிற கச்சேரி அதுதான் முதல்.

இன்னொரு வழக்கமும் அவர்களுக்கு உண்டு. ஒரு மெட்டு முடிகிற இடத்திலேயே அடுத்த மெட்டு ஆரம்பித்துவிடும். வாசித்துக்கொண்டிருக்கும்போது குறுக்கே நடக்கக் கூடாது என்பது என் எண்ணம். முடியட்டும், பிறகு மேஜைக்குப் போகலாம் என்று தட்டோடு ஓரமாக நின்றேன். அது முடியவே இல்லை. தட்டில் இருந்த பீரின் நுரை அடங்கியது. மானேஜர் பின்னால் வந்து என் காதருகே இந்தியில் சொன்னார்: "ஏன் பாய், சிலை மாதிரி நிற்கறே? உனக்கு மாலை போடணுமா?"

மானேஜர் பம்பாய்க்காரர். கெட்டவர் இல்லை. ஆனால் காலி மேஜையைப் பார்த்தால் அவருக்கு நெஞ்செரிச்சல் வரும். வியாழக்கிழமைகளில் பாதி மேஜை காலியாகவே இருந்தது. வந்தவர்களும் முதுகுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒரு கிளாஸை முடித்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் என்னைக் கூப்பிட்டார்.

"இன்னிக்கு மேஜை நிரம்பலைன்னா கச்சேரி கலாஸ். அடுத்த வாரம் ரிக்கார்டு போடற மெஷின் வருது. மெஷினுக்கு எக்ஸ்ட்ரா ஆள் வேண்டாம். நீ சைட்டுக்குத் திரும்பிடலாம்."

"வாளி, சார்?"

"வாளியை வாட்ச்மேன் பார்த்துக்குவான்."

அன்றைக்கு ஆகஸ்டு மாதத்து வெயில். சைட் இருக்கிற திசையைக்கூட நான் பார்க்கவில்லை. மேஜைகளை இரண்டு முறை துடைத்தேன். நாற்காலிகளை அவர்களுக்குப் பிடித்த மாதிரியே வட்டமாகப் போட்டேன். சாயங்காலம் மூவரும் சீக்கிரமே வந்து, சாமான்களை மூலையில் வைத்துவிட்டு வெளியே போயிருந்தார்கள். வாளியைக் கொட்டிவிட்டு வந்தவன் அப்போதுதான் கவனித்தேன். மேளம் ஏசிக்கு அருகில் சுவரோடு சாய்ந்திருந்தது. தோலெல்லாம் ஈரம். விரலால் தட்டினால் ஈரச் சாக்கைத் தட்டிய மாதிரி 'தொப்' என்றது.

ஏசித் தண்ணீர் தெறித்திருக்கிறது. ஏசித் தண்ணீருக்கு நான்தான் காவல். கச்சேரி நடந்து மேஜை நிரம்பாமல் போனாலாவது விதி என்று சொல்லலாம். கச்சேரியே நடக்காமல் போனால்? மேளத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன்.

அங்கே தந்தூரி அடுப்புக்கு அதிபதி ஒரு திருநெல்வேலிக்காரர். பம்பாயில் ரொட்டி தட்டக் கற்றுக்கொண்டு வந்தவர். எல்லோருக்கும் அண்ணாச்சி.

"ஏல, என்னத்தலே தூக்கிட்டு ஓடியார? எவனையும் அடிச்சிட்டியா?"

"வெள்ளக்காரன் மேளம் அண்ணாச்சி. ஏசித் தண்ணி விழுந்து நமுத்துப் போச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல வாசிக்கணும்."

"இதுக்கா மூஞ்சிய இப்படி வச்சிருக்க? நம்மூர் கோயில் கொடையில மேளக்காரன் என்னல செய்வான்? ஓலையக் கொளுத்திக் காட்டுவாம்லா. கொண்டா இங்க."

"கருகிடாதே?"

"ரொட்டியையே கருக விடமாட்டேன். தோலையா கருக விடுவேன்? போல."

அடுப்பு வாயிலிருந்து ஒரு முழ உயரத்தில் மேளத்தைப் பிடித்து, சாமிக்குத் தீபாராதனை காட்டுகிற மாதிரி மெல்லச் சுற்றினார். ஈரம் ஆவியாகப் போனது. தோல் வெளுத்து இறுகியது. நடுவில் அடுப்பில் இருந்த ரொட்டிகளையும் எடுத்துப் போட்டார். பிறகு விரலால் ஒரு சுண்டு. 'ணங்' என்றது.

"கேட்டியா? இப்பதாம்ல வாயத் தொறக்கு."

எனக்கும் அது நல்ல சத்தமாகவே பட்டது. சுண்டியதும் ஊருக்கே கேட்கும் போலிருந்தது. கொண்டு போய், ஏசிக்கு எட்டாத சுவரில் சாய்த்து வைத்தேன். வாளியையும் ஒரு முறை முறைத்துவிட்டு வந்தேன்.

வாசிக்க உட்கார்ந்தார்கள். மேஜைகளில் நாலைந்து பேர்தான் இருந்தார்கள். மானேஜர் வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பக்கத்து ஹாலுக்குப் போனார். அங்கே ஒரு கம்பெனியின் விருந்து. தாடிக்காரர் மேளத்தை மடியில் வைத்துக் குச்சியால் ஓர் அடி அடித்தார்.

ணங்.

பிடில்காரர் வாயில் இருந்த பீர் குழல்காரர் சட்டையில் விழுந்தது. தாடிக்காரர் இன்னோர் அடி அடித்தார். எவர்சில்வர் தட்டு விழுந்த சத்தம். மேளத்தைத் திருப்பிப் பார்த்தார், தடவினார், மூக்கருகே கொண்டு போய் முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த அறையில் வேறு யாரைப் பார்ப்பது?

"யார் இதுல ரொட்டி சுட்டது?" என்று கேட்டார். அவர் இங்கிலீஷில் எனக்குப் பாதிதான் விளங்கும். மீதியைக் கை சொல்லிவிடும்.

நான் வாளியைக் காட்டினேன், ஏசியைக் காட்டினேன், சமையலறையைக் காட்டினேன். அடுப்பின் மேல் மேளம் சுற்றுவதையும் செய்து காட்டினேன். அவர் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். சொல்லச் சொல்லத்தான் எனக்கு விஷயம் விளங்கியது. அவர் ஊரில் எந்நேரமும் மழை. தோல் நமுத்துப் போகும். அங்கே அவர்களும் அடுப்பருகில் வைத்துத்தான் காய்ச்சுவார்கள். இங்கே ஏசி அறைக்குள் காற்று காய்ந்து, தானாகவே தோல் முறுகி நிற்கிறது. அதைத் தளர்த்துவதற்காக அவரே தண்ணீர் தடவி ஊற வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் ஊற வைத்ததை நாங்கள் சுட்டு எடுத்திருக்கிறோம்.

"இப்ப என்ன சார்?"

"மறுபடி தண்ணி. ஊறணும். அது வரைக்கும் ரெண்டு ஸ்பூன் கொண்டா."

எந்த ஸ்பூன் என்று எனக்குத் தெரியவில்லை. டீ ஸ்பூனா, சூப் ஸ்பூனா? கேட்டால் மறுபடியும் இங்கிலீஷ் பேச வேண்டும். தட்டோடு எல்லா ஸ்பூனையும் அள்ளிக்கொண்டு வந்தேன். பின்னாலேயே அண்ணாச்சியும் வந்து சமையலறை வாசலில் நின்றார். "பொத்துப் போச்சாலே?" என்று கிசுகிசுத்தார்.

தாடிக்காரர் மேளத்தில் தண்ணீர் தடவி ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு சூப் ஸ்பூனைப் பொறுக்கி, முதுகோடு முதுகு சேர்த்து, நடுவில் ஒரு விரலைக் கொடுத்துப் பிடித்தார். தொடைக்கும் உள்ளங்கைக்கும் நடுவே அது துள்ள ஆரம்பித்தது. பிடிலும் குழலும் சேர்ந்துகொண்டன. தகிட தகிட என்று கும்மிக்கு அடிக்கிற அதே ஓட்டம். பக்கத்து மேஜையில் இருந்த ஒரு தடித்த வெல்டர் எழுந்து வந்து தட்டிலிருந்து இரண்டு ஸ்பூன் எடுத்துக்கொண்டார். அவருக்கு அது பிடிபடவில்லை. மேஜையில் அடித்தார். அவர் நண்பர் கிளாஸில் அடித்தார். வட்டம் பெரிதானது. நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்து உள்ளே உட்கார்ந்தார்கள்.

பாருக்குள் சமையல்காரர் வரக் கூடாது என்பது ஹோட்டல் சட்டம். அண்ணாச்சி வாசற்படியைத் தாண்டாமலே, ஒரு கரண்டியால் சட்டி மூடியில் தாளம் போட ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, மானேஜர் வந்துருவாரு!"

"வரட்டும்ல. நான் சமையக்கட்டுலதான நிக்கேன். சத்தம்தான உள்ள போகுது."

சத்தம் உள்ளே மட்டும் போகவில்லை. விருந்து ஹாலில் இருந்தவர்கள் பாரில் அடிதடி என்று நினைத்துவிட்டார்கள். முதலில் மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள். பிறகு கையில் தட்டோடு ஒரு கும்பல். எங்கே சண்டை வந்தாலும் முன்வரிசைக்கு இடம் பிடிக்கிறவர்கள் எல்லாத் தேசத்திலும் இருக்கிறார்கள். சபாரி சூட் போட்ட ஒரு மெட்ராஸ் இன்ஜினியர் கழுத்தை நீட்டினார்.

"என்னப்பா, யார் யாரை அடிக்கறா?"

"ஸ்பூனைத்தான் சார் அடிக்கிறாங்க."

அவர் கொஞ்சம் நின்று கேட்டார். கை தானாகத் தொடைக்குப் போயிற்று. "திஸ்ரம்! மூணு மூணாப் போற சுத்த திஸ்ரம்!" என்று யாரும் கேட்காமலே தீர்ப்புச் சொன்னார். ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, என்னிடம் ஓர் ஆரஞ்சு ஜூஸ் சொன்னார். தாளம் போட்டுக்கொண்டே இருந்தவர், மெட்டு நிற்காமல் அடுத்ததற்குத் தாவிய இடத்தில் ஓர் அடி தவறி, நான் ஜூஸோடு நீட்டிய தட்டைத் தட்டிவிட்டார். ஜூஸ் அவர் சபாரியிலேயே விழுந்தது. "பரவாயில்ல, இன்னொண்ணு கொண்டா" என்றார்.

அப்போதுதான் மானேஜர் ஓடி வந்தார். பின்னால் தடியோடு வாட்ச்மேன்.

"ஜகடா? எங்கே சண்டை?"

அவர் வளைந்த ஸ்பூன்களைப் பார்த்தார். சமையலறை வாசலில் மூடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்ற அண்ணாச்சியைப் பார்த்தார். மேஜைகளைப் பார்த்தார். உட்கார இடமில்லாமல் ஜனங்கள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள். கவுண்டரில் கிளாஸ் கேட்டுக் கைகள் நீண்டன. அந்த நேரம் பார்த்துத் தாடிக்காரர் ஸ்பூனைக் கீழே போட்டுவிட்டு மேளத்தை எடுத்தார். தோல் ஊறித் தளர்ந்திருந்தது. 'தும் தும்' என்று அடிவயிற்றிலிருந்து பேசியது. கூட்டம் ஓவென்று கத்தியது.

மானேஜர் என்னை நோக்கி வந்தார். நான் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். மேளம் சுட்ட கதை இதற்குள் அவர் காதுக்குப் போயிருக்கும் என்று தோன்றியது. கம்பியும் சாக்குத் துணியும் கண் முன் வந்தன. அவர் என் தோளுக்கு மேலாக மூலையைப் பார்த்தார். அவர் முகம் கோணியது.

"அரே பாய், வாளி! வாளி வழியுது! கார்ப்பெட்டு போச்சு! உன்னை எதுக்கு வெச்சிருக்கேன்? ஜல்தி!"

வாட்ச்மேன் பக்கத்திலேயேதான் நின்றார். மானேஜர் அவரைக் கூப்பிடவில்லை. நான் தட்டை இன்ஜினியர் மடியில் வைத்துவிட்டு வாளிக்கு ஓடினேன்.