எடை முடியும் வரை

காலை ஒன்பது ஐம்பதுக்கு அண்ணனோடு பேசினேன். அது இன்னும் என் கைபேசியில் இருக்கிறது: இரண்டு நிமிடம், பதினொரு நொடி.

குடவாசல் பக்கம் எங்கள் ஊர்க் கொள்முதல் நிலையத்தில், சம்பா நெல்லைக் கொட்டிவிட்டு ஒன்பது நாளாகக் காவல் இருந்தார். அன்றுதான் எடை போட அவர் முறை.

"நெஞ்சுல என்னமோ அழுத்துதுடா. வாய்வா இருக்கும்."

"டாக்டரைப் பாருங்கண்ணே."

"இப்ப எந்திரிச்சுப் போனா அடுத்த குவியலுக்குப் போயிடுவாங்க. மழை வேற வரும்ங்குறான்."

"சரி, முடிச்சிட்டுப் போங்க" என்றேன்.

நெஞ்சு வலித்தால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது என்று சொல்லும் கட்டுரைகளை எங்கள் பத்திரிகைக்காக நானே பலமுறை திருத்தி, தலைப்பு வைத்து அனுப்பியிருக்கிறேன்.

மற்றதை அடுத்த குவியல்காரர் பிறகு சொன்னார். பனி விலகாத தை மாதக் காலையில் அண்ணனுக்குச் சட்டை முழுக்க வியர்த்திருக்கிறது. மூட்டை பிடிக்க வந்தவர், "ஈரம் பாக்குற மெஷினை ஒங்க சட்டையில வச்சா நெல்லு பாஸாவாதுங்க" என்றாராம். எல்லாரும் சிரித்தார்களாம். அண்ணனும் சிரித்திருக்கிறார். கடைசி மூட்டை தராசிலிருந்து இறங்கியபோது மணி இரண்டே கால். ரசீதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, தார்ப்பாயை மடிக்கக் குனிந்தவர் எழவில்லை.

அவரை ஏற்றிய கார் மாலை நான்கு ஐந்துக்குத் தஞ்சாவூர் வந்தது. செய்தி கேட்டு நான் மருத்துவமனை வாசலில் நின்றிருந்தேன். அண்ணி அண்ணனின் செருப்பைக் கையில் வைத்திருந்தார்.

"வலி எப்ப ஆரம்பிச்சுது?" என்று மருத்துவர் கேட்டார்.

"ரெண்டேகாலுக்குங்க" என்றார் கூட வந்திருந்த குவியல்காரர்.

"இல்லை. பத்து மணிக்கு முன்னாடியே" என்றேன்.

மருத்துவர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். அடைப்பைத் திறந்து பார்ப்பதாகச் சொன்னார். "சீக்கிரம் வந்திருந்தா இதயத்துல நிறையவே காப்பாத்தியிருக்கலாம். இப்ப பெரும்பகுதி செத்துப்போச்சு." ஒரு படிவத்தில் கையெழுத்து கேட்டார். போட்டேன். பேனாவில் மை சரியாக இறங்காததால் இரண்டு முறை போட வேண்டியிருந்தது.

வெளியே நாற்காலியில் அண்ணி கேட்டார்: "தம்பி, பத்து மணிக்கு முன்னாடின்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போன்ல சொன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"முடிச்சிட்டுப் போகச் சொன்னேன்."

அவர் அழவில்லை. செருப்பில் ஒட்டியிருந்த பதரை ஒவ்வொன்றாக எடுத்தார். எடுத்ததைக் கீழே போடாமல் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டார். நான் எதிரே இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது நான்கு நிமிடம் தாமதமாக ஓடியது.

மாலை ஆறு இருபதுக்கு அண்ணன் இறந்தார். சொல்ல வந்த மருத்துவர், யாரிடம் பேசுவது என்று எங்கள் இருவரையும் பார்த்தார்.

"தம்பிக்கிட்டச் சொல்லுங்க" என்றார் அண்ணி. "அவருக்குத்தான் நேரமெல்லாம் தெரியும்."