பணியாரச் சட்டியில் ஊற்றியிருக்கலாம்

ஜானகிராமன் தன் வாழ்நாளில் ஒரு தடவைகூடத் தொட்டியில் உட்கார்ந்து குளித்தவர் அல்ல. புதுச்சேரி உப்பளம் பகுதியில் அவர் குடியிருந்த வீட்டுக்குப் பின்னால் பொதுக் கிணறு இருந்தது. இடுப்பில் துண்டு, தலையில் நாலு வாளித் தண்ணீர், முடிந்தது குளியல். அப்படிப்பட்ட மனுஷர் தொட்டிக் குளியலுக்கு நுரைப்பொடியும் வெண்ணெய் வில்லையும் செய்யக் கிளம்பினார் என்றால் அதற்குக் காரணம் துணிச்சல் இல்லை, தலைக்கனம். இதை ஊர் சொல்லவில்லை. பிற்காலத்தில் அவரே, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தத் தலைக்கனத்துக்கு இருபத்திரண்டு வருஷ வயசு. கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பிரெஞ்சுத் துரை, ஊர்ப் பேச்சில் முசே, வைத்திருந்த மருந்துக்கடையில் அவர் கம்பவுண்டராக இருந்தார். வெள்ளைக் கோட்டு, கறுப்பு பூட்ஸ், காதில் பென்சில். தெருவில் இறங்கினால் தபால்காரர் முதல் மீன்காரி வரைக்கும் “கம்பவுண்டரே” என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. அப்படிக் கூப்பிடாத ஒரே ஆள் அவர் மனைவி செல்வாம்பாள். அவளுக்கு எப்போதும் “இந்தாங்க” தான். அதில் அவருக்குக் கொஞ்சம் மனக்குறை.

பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருஷம் கழித்து, ஐம்பத்தாறில், முசே கடையை மூடிவிட்டுக் கப்பலேறினார். போகிறபோது ஜானகிராமனின் கையைக் குலுக்கி, மிச்சம் இருந்த சரக்கில் கொஞ்சம் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு டின் கொக்கோ வெண்ணெய், ஒரு ஜாடி சோடா உப்பு, ஒரு ஜாடி எலுமிச்சைப் புளிப்பு உப்பு, சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு குப்பியில் லவாந்து என்கிற லாவெண்டர்ப் பூத் தைலம், அப்புறம் ஒரு பித்தளை அச்சு.

அந்த அச்சைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதில் பன்னிரண்டு குழிகள். ஒவ்வொன்றும் விரல் பருமனில், ஒரு முனை கூராக இருக்கும். பிரெஞ்சு டாக்டர்கள் இருமலா, காய்ச்சலா, மலச்சிக்கலா, எதற்கும் பின்புறத்தில் செருகி வைக்கிற மருந்தாக எழுதித் தருவார்கள். கொக்கோ வெண்ணெயை உருக்கி மருந்தைக் கலந்து அந்தக் குழிகளில் ஊற்றினால் கெட்டியாக நிற்கும், உடம்புச் சூடு பட்டதும் உருகிவிடும். விழுப்புரத்துக்காரன் அதைப் பார்த்தால் மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்வான். புதுச்சேரிக்காரனுக்கு, படித்தவனோ படிக்காதவனோ, அந்த உருவம் எங்கே போகவேண்டியது என்று நன்றாகத் தெரியும்.

கடை மூடிய பிறகு ஜானகிராமன் வேலை தேடி அலைந்தார். புதிதாகக் கடை போட்டவர்கள் சான்றிதழ் கேட்டார்கள். அவரிடம் இருந்தது வெள்ளைக் கோட்டுதான். செல்வாம்பாள் பஞ்சாலையில் நூல் சுற்றும் பிரிவில் நின்றபடி எட்டு மணி நேரம் வேலை பார்ப்பவள். அவள் மேஸ்திரியிடம் பேசி, பஞ்சு மூட்டை எடைபோடும் இடத்தில் அவருக்கு ஒரு வேலை சொல்லி வைத்தாள். கம்பவுண்டரைப் போய் மூட்டை தூக்கும் இடத்தில் நிறுத்துவதா என்று அவர் கோபித்துக்கொண்டு சாப்பிட மறுத்தார். அடுத்த வேளை பசித்தது, சாப்பிட்டுவிட்டார். ஆனால் வேலைக்குச் சரி என்று மட்டும் சொல்லவில்லை.

இந்த நேரத்தில்தான் ஒர்த்தான்ஸ் மதாம் அவருக்கு ஆள் அனுப்பினாள். புருஷன் செத்த பிறகும் ஊரைவிட்டுப் போகாமல் தங்கிவிட்ட கிழவி அவள். அவள் வீட்டில் சிங்கக்கால் வைத்த குளியல் தொட்டி ஒன்று இருந்தது. அதில் போட்டால் பொங்கி நுரைக்கும் பொடியும், வெந்நீரில் உருகி மேலெல்லாம் வழவழப்பாக்கும் வில்லையும் அவளுக்குக் கப்பலில் வந்துகொண்டிருந்தன. இப்போது வருவதில்லை. கம்பவுண்டரால் செய்யமுடியுமா என்று கேட்டாள். நன்றாக அமைந்தால், புது மருந்துக்கடை திறக்கப்போகும் கிருஷ்ணசாமிக்குக் கடிதம் எழுதித் தருவதாகச் சொன்னாள். கிருஷ்ணசாமி அவள் பேச்சைத் தட்டமாட்டார். சான்றிதழ் இல்லாத குறையை அந்தக் கடிதம் மூடிவிடும்.

செய்யமுடியும் என்று ஜானகிராமன் உடனே சொல்லிவிட்டார். அப்படி ஒரு பொருள் உலகத்தில் இருப்பதே அன்றைக்குத்தான் அவருக்குத் தெரியும்.

பொடி கஷ்டமில்லை. சோடா உப்பும் புளிப்பு உப்பும் காய்ந்த நிலையில் சும்மா இருக்கும், தண்ணீர் பட்டால் பொங்கும். நுரை நிற்க வேண்டும் என்பதற்காக அவர் பூந்திக்கொட்டைத் தோலைக் காயவைத்து இடித்துச் சலித்துக் கலந்தார். ஆனால் அது ஐப்பசி மாசம். காற்றிலேயே ஈரம். முதல் ஜாடி அடுக்களை அலமாரியில் இருந்தபடியே மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி, பக்கத்திலிருந்த மிளகாய்த்தூள் டப்பாவுக்குள்ளும் இறங்கிவிட்டது. அன்றைக்குக் குழம்பு நுரைத்தது. செல்வாம்பாள் நுரையைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டுப் பரிமாறினாள். அடுத்த தடவை ஈரத்தை இழுக்க அரிசி மாவை வறுத்துச் சேர்த்து, ஜாடி வாயை மெழுகுவத்தி உருக்கி அடைத்தார். அது நின்றது.

வில்லைக்கு அச்சு வேண்டும். கொக்கோ வெண்ணெயை உருக்கிப் பாதாம் எண்ணெயும் லவாந்தும் விட்டுக் கலக்கிக்கொண்டே, பித்தளை அச்சைத் துடைக்க எடுத்தார். செல்வாம்பாள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்தாங்க, அதுல ஊத்தாதீங்க. நம்ம பணியாரச் சட்டியில ஊத்துனா ஆவாதா? உருண்டையா அழகா வருமே.”

“இது மருந்துச் சாஸ்திரம். பணியாரம் சுடுற வேலை இல்ல,” என்றார் ஜானகிராமன்.

இந்த வாக்கியத்தைத்தான் அவர் பிறகு ஆயுசு முழுக்கத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார். இருபத்திரண்டு வருஷமாக அந்த அச்சில் ஊற்றிய கைக்கு அது வெறும் அச்சு. அதில் வருவது எப்படி இருக்கும் என்று தெருவில் போகிற எல்லாருக்கும் தெரிந்தது, அவருக்கு மட்டும் கண்ணில் படவில்லை.

மதாமிடம் கொடுப்பதற்கு முன்னால் சோதித்துப் பார்க்கவேண்டும் அல்லவா. தொட்டிக்கு எங்கே போவது? வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய அண்டா கவிழ்ந்து கிடந்தது. செல்வாம்பாளுக்குத் தாய்வீடு உழவர்கரையில், விவசாயக் குடும்பம். நெல் அவிக்க ஆகுமே என்று கல்யாணத்தில் கொடுத்தது. அவிக்கிற அளவுக்கு நெல்லை அந்த அண்டா அதற்கப்புறம் பார்க்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தாய்வீட்டுக்குப் போன சமயம் பார்த்து, ஜானகிராமன் கிணற்றடியில் தட்டி மறைப்புக் கட்டி, அண்டாவில் வெந்நீர் நிரப்பி, பொடியைக் கொட்டி, இரண்டு வில்லையைப் போட்டு, உள்ளே இறங்கி உட்கார்ந்தார்.

முழங்கால் முகவாயில் இடித்தது. ஆனாலும் தண்ணீர் சுற்றிலும் குறுகுறுவென்று பொங்கியது. லவாந்து மணந்தது. இரண்டு நிமிஷம் அவர் கவர்னராக இருந்தார். பிறகு நுரை ஏறி முகத்துக்கு வந்தது. பூந்திக்கொட்டை கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். கம்பவுண்டருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வெண்ணெய்க் கையால் கண்ணைக் கசக்கினார், எரிச்சல் கூடியது. எழுந்திருக்கப் பார்த்தார். கால் வழுக்கி இடுப்பு இன்னும் கீழே இறங்கி இறுகிக்கொண்டது. பிடித்து எழலாம் என்றால் விளிம்பும் வழுக்கியது. யாரையாவது கூப்பிடலாம். வருகிற ஆள் என்ன பார்ப்பான் என்று யோசித்து வாயை மூடிக்கொண்டார்.

தண்ணீர் முழுக்க ஆறின பிறகு செல்வாம்பாள் வந்தாள். நுரை நிறைந்த அண்டாவும் அதன் மேல் கண்ணை மூடிய ஒரு தலையும் இருந்தன. “கண்ணத் தொறக்காதீங்க,” என்று மட்டும் சொல்லி, கிணற்றில் இறைத்து முகத்தில் ஊற்றினாள். அண்டாவை ஒரு பக்கம் சாய்த்தாள். அவர் வழுக்கிக்கொண்டு தரையில் வந்து விழுந்தார். கண்ணைத் திறந்ததும் அவருக்கு முதலில் தெரிந்தது அவள் குதிகால்கள். பாளம் பாளமாக வெடித்திருந்தன, ஒரு வெடிப்பில் சிவப்பு தெரிந்தது. அவர் பார்க்கத்தான் செய்தார். ஆனால் அப்போது அவர் மனசில் ஓடியது, பூந்திக்கொட்டையைப் பாதியாகக் குறைக்கவேண்டும் என்பது ஒன்றுதான்.

மார்கழி பிறந்ததும் பொடி ஜாடியையும், வெள்ளித்தாளில் தனித்தனியாகச் சுற்றிய பன்னிரண்டு வில்லைகளையும் எடுத்துக்கொண்டு, வெள்ளைக் கோட்டு மாட்டி மதாம் வீட்டுக்குப் போனார். மதாம் தூங்கிக்கொண்டிருந்தாள். குருசுக்குப்பத்திலிருந்து வந்து அங்கே வேலை செய்யும் ஆயம்மா வாங்கி வைத்துக்கொண்டாள். மதாமுக்கு என்று சொன்னார். எதற்கு என்று சொல்லவில்லை. அது மதாமுக்கே தெரியும் என்று நினைத்தார்.

ஆயம்மா பதினைந்து வருஷமாக மதாமுக்கு மருந்து எடுத்துக் கொடுப்பவள். வெள்ளித்தாளைத் தொட்டுப் பார்த்தாள். கம்பவுண்டர் கொண்டுவந்தது, கூர்முனை, விரல் பருமன். பொடியைக் குளியலறையிலும் மற்றதை மருந்து அலமாரியிலும் கொண்டுபோய் வைத்தாள். மதாமுக்கு அந்த வாரம் மலச்சிக்கல்.

நாலு நாள் கழித்து மதாம் கூப்பிட்டனுப்பினாள். ஜானகிராமன் உள்ளே போனபோது ஆயம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். மதாம் அவரை உட்காரச் சொன்னாள். பொடி பிரமாதம் என்றாள். வில்லையைப் பற்றிச் சொல்லும்போது அவள் முகம் சிவந்தது.

“இத்தனை வருஷம் எத்தனையோ வைத்திருக்கிறேன், கம்பவுண்டர். பூந்தோட்டம் மாதிரி மணக்கிறது இதுதான் முதல்,” என்றாள்.

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்தபோது, திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கடலில் போய் விழலாமா என்று இருந்தது. தப்பு நடந்துவிட்டது, அது தண்ணீரில் போடுவது என்று திக்கித் திணறிச் சொன்னார். மதாம் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நல்ல மனசுக்காரி. சொன்னபடி கடிதம் எழுதி, முத்திரை வைத்துக் கொடுத்தாள். நடந்ததையும் ஒளிக்காமல் எழுதியிருந்தாள், அதுவும் சிபாரிசுதானே என்று.

கிருஷ்ணசாமிக்குப் பிரெஞ்சு நன்றாக வரும். கடிதத்தை ஒரு தடவை படித்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். காப்பி வரவழைத்தார். சிரிப்பை அடக்க அவசரமாக ஒரு மிடறு குடித்தார்.

“கம்பவுண்டரே, உங்க வேலையில எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா ஆயம்மா மார்க்கெட்டுல சொல்லிட்டா. வர்றவங்க உங்களப் பார்த்ததும் சிரிச்சா நான் மருந்து விக்கிறது எப்படி?”

அவர் சொன்னது நியாயம். ஜானகிராமனே அந்தக் கடைக்கு மருந்து வாங்கப் போயிருந்தால் சிரித்திருப்பார். வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அடுத்த திங்கட்கிழமை செல்வாம்பாளோடு பஞ்சாலைக்குப் போய் மூட்டை எடைபோட நின்றார். ஊரில் அதற்குள் அவருக்கு லவாந்து என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆலையில் மேஸ்திரி “யோவ்” என்று கூப்பிட்டார். கம்பவுண்டரே என்று கூப்பிட ஒருத்தரும் இல்லை. அது வலித்தது. சோறு குறைந்தபோதுகூட அவ்வளவு வலிக்கவில்லை.

ஆலையில் அவர் முதல் தடவையாக நாள் முழுக்க நின்றார். மூன்றாம் நாள் குதிகாலில் குத்தல் எடுத்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போது முன்னால் போன செல்வாம்பாளைப் பார்த்தார். அவள் பாதத்தின் ஓரத்தை ஊன்றி நடந்தாள். எத்தனை வருஷமாக அப்படி நடக்கிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்டார்.

“சின்னது பொறந்ததுலேர்ந்து,” என்றாள்.

அவர்களின் சின்ன மகள் சந்திரகலாவுக்குப் பதினோரு வயது. மதாமின் தோல் எப்படி வழவழக்கவேண்டும் என்று இரண்டு மாசம் மண்டையைக் குடைந்துகொண்டவர், பதினோரு வருஷமாகத் தன் வீட்டில் வெடித்துக்கொண்டிருந்த காலைப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. இந்த வெட்கத்தில் சிரிக்க ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் மிச்சமிருந்த கொக்கோ வெண்ணெயை உருக்கினார். பணியாரச் சட்டியைத் தானே கழுவித் துடைத்து, குழிகளில் ஊற்றினார். ஏழு உருண்டைகள், பார்க்கிற யாருக்கும் எந்தச் சந்தேகமும் வராத உருண்டைகள், அழகாக வந்தன. அண்டாவை நிமிர்த்திப் பாதியளவு வெந்நீர் ஊற்றி, சோடா உப்பும் புளிப்பு உப்பும் மட்டும் கலந்த பொடியைப் போட்டு, பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டார். செல்வாம்பாள் வேலை கிடக்கிறது என்றாள். அவர் விடவில்லை. சேலையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு காலை உள்ளே விட்டாள். பொங்கியது. அவள் முகத்தைச் சுளித்தாள், பிறகு சுளிப்பு விலகியது. அவர் தரையில் உட்கார்ந்து ஒரு உருண்டையை எடுத்து, ஒவ்வொரு வெடிப்பாகத் தேய்த்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் தன் கையால் மருந்து போட்ட முதல் ஆள் அவள்தான். மற்றவர்களுக்கெல்லாம் பொட்டலம் கட்டித்தான் கொடுத்திருந்தார்.

தேய்த்த காலை அவள் மறுபடி தண்ணீருக்குள் விட்டாள். பிறகு அவள் சொன்னாள்.

“தண்ணி ஆறிடுச்சு. இன்னும் ஒரு சொம்பு ஊத்துங்க, கம்பவுண்டரே.”

அவர் எழுந்து அடுப்படிக்குப் போனார். வெந்நீரோடு திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது. பூந்திக்கொட்டை பட்டுவிட்டது என்றார். அன்றையப் பொடியில் அவர் பூந்திக்கொட்டையே போடவில்லை என்று அவளுக்குத் தெரியும். காலை நகர்த்தி, அவர் தண்ணீர் ஊற்ற இடம் கொடுத்தாள்.