மனையைக் கொடுத்து அம்மா வாங்கிய கால்கள்

அம்மா மறைந்து ஓராண்டாகிறது. நினைவு நாளுக்கு அம்மாவைப் பற்றி என்னை எழுதச் சொன்னாள் தங்கை. எட்டாம் வகுப்போடு நின்று ஊர் ஊராகச் சுற்றுகிறவன் நான். தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

அம்மா கோவளத்தில் மீனவர் குடும்பத்தில் பிறந்தவர். அப்பாவை மணந்து பொழிச்சலூர் வந்த பிறகும் மீன் கூடையை விடவில்லை. நான் பிறந்தபோது இரண்டு பாதங்களும் உள்பக்கம் திரும்பியிருந்தன. வாராவாரம் மாவுக்கட்டு மாற்ற, அன்றைய வியாபாரத்தை விட்டுவிட்டு என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார். பாதங்கள் நேரானதும், மறுபடி திரும்பாமலிருக்க, இரண்டையும் நடுவில் கம்பியால் இணைத்த பூட்ஸ் கொடுத்து, அதைக் கழற்றவே கூடாது என்றார் டாக்டர்.

பாதங்கள் நேரானால் வருவதாக வைத்திருந்த வேண்டுதலை முடிக்க அம்மா என்னைத் திருநீர்மலைப் பெருமாள் கோயிலுக்குக் கொண்டுபோனார். காலணியோடு சந்நிதிக்குள் எப்படிப் போவது? கழற்றினார். மறுபடி மாட்டினால் பெருமாளை நம்பாததுபோல் ஆகும் என்று அப்படியே விட்டுவிட்டார். சில மாதங்களில் பாதங்கள் பழையபடி திரும்பிக்கொண்டன. இதை அம்மா யாரிடமும் மறைத்ததில்லை.

இந்த முறை ஆபரேஷன் என்றார்கள். வீடு கட்ட கூடுவாஞ்சேரியில் வாங்கிப் போட்ட மனை ஒன்றுதான் கையில் இருந்தது.

“ஒரு தபா பண்ணதே நிக்கல. நொண்டிக்கினாவது நடப்பான், வுடும்மா,” என்றார் பெரியப்பா.

“நொண்டிக்கினே ஒரு கூடை மீன பம்மல் வரிக்கும் தூக்கிக்கினு போயிட்டு வாங்க மாமா. அப்பால பேசலாம்.”

“அப்போ வூடு?” என்றார் அப்பா.

“வூடு வாடகைக்குக் கெடைக்கும். காலு கெடைக்குமா? தப்பு பண்ணது நானு. புள்ள இன்னா பண்ணான்?”

மனை போனது. ஆபரேஷனுக்குப் பிறகு நான்கு வயது வரை, தூங்கும் முன் தினமும் பூட்ஸை மாட்டினார். நான் உதைத்து அவர் உதடு கிழிந்த அன்றும் மாட்டினார்.

அந்தக் கால்களோடு ஒடிசா வரை பந்தல் வேலைக்குப் போயிருக்கிறேன். படகிலும் நின்றிருக்கிறேன். “கால சரி பண்ணி வுட்டா, ஒரு எடத்துல நிக்க மாட்றான்,” என்று மீன் வாங்க வருகிறவர்களிடம் அம்மா அலுத்துக்கொள்வார். சொல்லும்போதே சிரிப்பும் வந்துவிடும்.

கடைசி மாதங்களில் சிறுநீரகம் கெட்டுப் படுத்திருந்தார். அப்போது தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஓட்டி உதவிய தம்பிகளுக்கும், கஞ்சி கொண்டுவந்த அக்காமார்களுக்கும், வாடகை வீடு என்று பார்க்காமல் அம்மாவின் உடலை வாசலில் கிடத்த இடம் கொடுத்த வீட்டுக்கார அக்காவுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

அம்மாவை எடுத்த அன்று சுடுகாட்டுக்குக் கொண்டுபோக வண்டி வந்து நின்றது. வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன். சுடுகாடு வரை அம்மாவின் பாடையைத் தோளில் சுமந்து, எங்கும் நிற்காமல் நடந்தேன்.