சும்மா கிடைத்த நாலு பேரும் ஒரு சகன் சோறும்

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து நண்டு ஓடிய மணல் மாதிரி இருக்கும். பிழைகள் அதற்கு மேல். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒவ்வொரு கிழமையும் இதைத் திருத்துகிற பத்திரிகைக் கந்தோர்ப் பிள்ளைகள் பாவம்... இந்தக் கிழமை இன்னும் பாவம். கோபத்தில் எழுதுகிறேன். பேனை இரண்டு இடத்தில் தாளைக் கிழித்துவிட்டது.

அப்படி என்ன கோபம்?

தோப்பூர் ஹனீபா நானாவை எங்கள் சங்கத்தில் இருந்து வெளியே போட்டுவிட்டார்கள்!

மீன்பிடிச் சங்கம் இல்லை. போனில் கேம் விளையாடுகிற சங்கம். சிரிக்காதீர்கள். சல்லிக் கடற்கரையில் கருவாடு காயப்போட்டு விற்கிற, தலை நரைத்த மனிதனுக்குக் கேம் எதற்கு என்று என் மனைவியே கேட்கிறாள். "கருவாட்டைக் காகம் கொண்டுபோகுது, நீங்கள் அங்க பூதத்துக்கு அடிக்கிறீங்கள்" என்பாள். என்ன செய்ய? ஆட்களோடு கதைக்கக் கூச்சப்படுகிறவனுக்கு இது நல்ல வசதி. வாய் திறக்காமலே நாலு பேரோடு சேர்ந்து நிற்கலாம்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கேமில் நாலு ஆட்களை வைத்து ஒரு டீம் கட்ட வேண்டும். ஆள் எடுப்பது லொத்தர்ச் சீட்டு மாதிரி. இழுத்தால் யாராவது விழுவார்கள். பகட்டான ஆள் விழாவிட்டால் காசு கட்டித் திரும்ப இழு, திரும்ப இழு என்று போன் கண் சிமிட்டும். ஆனால் விளையாடிக்கொண்டு போக, சில ஆட்களைக் கேமே இலவசமாகத் தரும். ஒரு கேடயக்காரன், ஒரு வைத்தியக்காரி, ஒரு வில்லுக்காரி, நெருப்பு வாளோடு ஒருவன். புதிதாக வருகிறவருக்கு இந்த நாலு பேரே காணும். நான் இன்றைக்கும் அவர்களோடுதான் நிற்கிறேன்.

நானாவை இதற்குள் இழுத்துவிட்டதும் நான்தான். தோப்பூர்ச் சந்தையில் பழக்கமான மனிதர், எனக்கு அண்ணன் மாதிரி. வயல் வரம்பில் சறுக்கி விழுந்து கால் முறிந்து, மாதக்கணக்காகக் கட்டிலில் கிடக்கிறார். பார்க்கப் போனபோது கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். மனம் கேட்கவில்லை. போனில் கேமைப் போட்டுக் கொடுத்துச் சங்கத்திலும் சேர்த்துவிட்டேன்.

சனிக்கிழமை மஃரிப் தொழுகை முடிந்ததும் சங்கத்து ஆட்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு பெரிய பூதத்தை அடிப்போம். மைக்கில் ஒரே சத்தம், பகிடி, ஏச்சு. நானாவுக்கு அதுதான் இப்போது சந்தை. அந்த ஒரு மாலைக்காகக் கிழமை முழுக்கக் காத்துக் கிடப்பார்.

எங்கள் தலைவர் ரூபன். டவுனில் போன் கடை வைத்திருக்கிறார். அவர் நானாவுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினார், சங்கம் முழுக்கக் கேட்க.

"நானா, குறை நினைக்காதீங்க. சும்மா குடுத்த ஆக்கள வச்சுக்கொண்டு இஞ்ச இருக்க ஏலாது. வாற சனி பூதத்துக்கு முன்னால ஒரு நிமிசமாவது நிண்டு காட்டுங்க. இல்லாட்டி தூக்கிடுவன்."

கடைசியில் ஒரு சிரிப்பு வேறு.

சும்மாவாம்! எது சும்மா? காசு கட்டி இழுத்த உங்கள் ஆளும் அதே லொத்தரில் விழுந்தவன்தானே? கேடயக்காரன் இலவசமாக வந்தான் என்பதற்காக அடியைக் குறைவாகவா தாங்குவான்? வைத்தியக்காரி கட்டுகிற மருந்து வேலை செய்யாதா? விலை இல்லாவிட்டால் பெறுமதியும் இல்லை என்று யார் சொன்னது?

அடுத்த நாளே தோப்பூருக்குப் போய் நானாவின் போனை வாங்கிப் பார்த்தேன். தலை சுற்றியது.

சண்டையில் உணவுப் பொதிகள் கிடைக்கும். அதைக் கொடுத்தால்தான் ஆட்களுக்குப் பலம் ஏறும். நானா தன்னிடம் இருந்த அத்தனை பேருக்கும் அதைச் சமனாகப் பங்கு வைத்திருந்தார். எல்லோரும் சமன். எல்லோரும் நோஞ்சான்.

"நாலு பேருக்கு மட்டும் குடுங்க நானா. மற்றவங்களை விடுங்க."

"மத்தவனுகள் பாத்துக்கொண்டிரிக்க நாலு பேருக்குச் சோறு போடச் சொல்றீங்களா தம்பி? எங்கட வீட்டில அந்தப் பழக்கம் இல்ல."

"அதெல்லாம் பொம்மை நானா."

"பொம்மைக்கும் முகம் இரிக்கே."

நானா தாடியைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"எங்கட மகள்ட கலியாணத்துக்கு வந்தீங்கதானே? சகன்ல இருந்தீங்க, ஞாபகம் இரிக்கா?"

மறப்பேனா? ஒரே பெரிய தட்டில் சோறு. சுற்றி ஆறு பேர். அதுதான் சகன். கூச்சத்தில் கை நீட்டாமல் இருந்த என் பக்கம், முன்பின் தெரியாத ஒருவர் இறைச்சியைத் தள்ளிவிட்டார்.

"ஊரே வந்தாலும் ஒரு சகனுக்கு ஆறு பேர்தான். மத்தவங்க அடுத்த சகன். ஒருத்தரும் கோவிக்கமாட்டாங்க. அப்ப... இது நாலு பேர்ட சகன். சரி, ஆரார் இருக்கிற?"

கேடயக்காரன், வைத்தியக்காரி, வில்லுக்காரி, வாள்காரன். அன்றிலிருந்து உணவுப் பொதி முழுக்க அந்த நாலு பேருக்குத்தான்.

சனிக்கிழமை வந்தது. ரூபனின் டீமில் நாலு பேரும் அடிக்கிற ஆட்கள். பளபளப்பு கண்ணைக் குத்தும். கேடயம் பிடிக்க ஒருவர் இல்லை, மருந்து கட்ட ஒருவர் இல்லை. முதலில் பலத்த அடி அடித்தார்கள். பூதம் ஒருமுறை வாலைச் சுழற்றியது. நாலு பேரும் படுத்துவிட்டார்கள்.

நானாவின் நாலு பேரும் நின்றார்கள். ஒரு நிமிடம் இல்லை, நேரம் முடியும் வரைக்கும் நின்றார்கள். பெரிய அடி ஒன்றும் அடிக்கவில்லை. ஆனால் விழவில்லை. "அல்ஹம்துலில்லாஹ்! நிக்கிறானுகள் தம்பி, நிக்கிறானுகள்!" என்று மைக்கில் நானா கத்தினார்.

ரூபன் சொன்னார்: "நிண்டு என்ன? அடிச்ச கணக்கில நானாதான் கடைசி."

அடுத்த நொடி சங்கத்துப் பட்டியலில் நானாவின் பெயரைக் காணவில்லை. அவருடைய மைக்கும் அடங்கிப் போனது.

நான் அதுவரை மைக்கைத் திறந்ததே இல்லை. அன்றைக்குத் திறந்தேன்.

"தம்பி ரூபன், ஒரு நிமிசம் நிண்டாக் காணும் எண்டு சொன்னது நீங்கள்."

"அட, அண்ணனுக்கு வாய் இருக்கே!"

"ஓம், இருக்கு. காலும் இருக்கு."

வெளியேறுகிற பொத்தானை அழுத்தினேன். திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் வெளியே வந்திருந்தார்கள்.

நாங்கள் புதுச் சங்கம் தொடங்கினோம். புதுச் சங்கத்துக்குக் கேம் ஆறு இடம்தான் தரும். நானாவே பெயர் வைத்தார்: சகன்.

ஐந்து பேர் இருக்கிறோம். நேற்று ஆறாவது இடத்துக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. ரூபன்! நாங்கள் வந்த பிறகு அங்கே கேடயம் பிடிக்க ஆள் இல்லையாம். சனிக்கிழமைகளில் பூதம் மேய்கிறதாம்.

எனக்கு வந்த கோபத்துக்கு... உடனே மறுத்துவிடத்தான் விரல் போனது. இருந்தாலும் நானாவிடம் ஒரு சொல் கேட்போம் என்று போனில் கோல் எடுத்தேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"எடுங்க தம்பி. கையைக் கழுவிட்டு வந்து இருக்கச் சொல்லுங்க."

கோபம் ஆறட்டும் என்று பொறுத்திருந்து, ஆறாமலே எழுதி முடித்தது: வைகாசி 10, வியாழக்கிழமை.