ஒரு மணி: மேட்டூர் மீன், இரண்டு துண்டு

கண்புரை அறுவைக்கு நாள் குறிக்க வேண்டுமென்றால் முதலில் சர்க்கரை இறங்க வேண்டும் என்றார் மருத்துவர். அதுவரை வீட்டிலேயே கிடக்க வேண்டுமா என்று கேட்டேன். எங்கு வேண்டுமானாலும் போங்கள், என்ன சாப்பிடப் போகிறீர்கள் என்பதைப் புறப்படும் முன்பே எழுதிவிடுங்கள், எழுதியதை மட்டும் சாப்பிடுங்கள் என்றார். அப்படி அமைந்ததுதான் சென்ற மாசிக் கடைசியில் சேலம், நாமக்கல், மேட்டூர் என்று போய்வந்த மூன்று நாள் பயணம்.

டைரியை நானும் என் மனைவி வசந்தாவும் சேர்ந்து எழுதினோம். ஒவ்வொரு வேளைக்கும் நேரம், பண்டம், அளவு. சேலத்துத் தட்டுவடை செட்டுக்காக அவளிடம் அரை மணி நேரம் வாதாடி ஒன்றே ஒன்றுக்கு அனுமதி வாங்கினேன். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் செய்தியாளனாக இருந்தவன். எழுதிக் கொடுத்துவிட்ட நேரத்தைத் தவறவிட எனக்கு வராது.

முதல் நாள் மாலை சேலம் ஜங்ஷனில் இறங்கி, சூரமங்கலத்தில் 900 ரூபாய்க்கு அறை எடுத்தேன். ஆறரை மணிக்குத் தட்டுவடை செட். இரண்டு மொறுமொறு தட்டைகளுக்கு நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், இருவகைச் சட்னி. ஒரே வாயில் போட வேண்டும் என்றார் கடைக்காரர். ஒன்றுதான் என்பதால் நான்கு வாயாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை ஐந்தரைக்குக் குமரேசனின் வாடகைக் காரில் கிளம்பினேன். நாற்பது வயது இருக்கும், எடப்பாடிப் பக்கத்துக்காரர். நாமக்கல், திருச்செங்கோடு, எடப்பாடி, மேட்டூர் போய் இரவு சேலம் திரும்ப, டீசல் உட்பட 3,200 ரூபாய். சரியாக ஒரு மணிக்கு மேட்டூரில் நான் சாப்பிட்டாக வேண்டும் என்று ஏறும்போதே சொல்லிவிட்டேன்.

நாமக்கல் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். மலை என்று சொல்கிறோமே தவிர, அது ஊரின் நடுவில் தனியாக நிற்கும் ஒற்றைக் கல். அதிலேயே படி வெட்டியிருக்கிறார்கள். மேலே போய்க் கோட்டைச் சுவரருகே நின்றால் நான்கு பக்கமும் சமவெளி, நீள நீளமான கோழிப் பண்ணைகள், லாரிக் கூடு கட்டும் பட்டறைகள். காலுக்கடியில் இருப்பது ஒரே கல் என்பது நினைவுக்கு வந்தபோது குனிந்து பாறையை ஒரு முறை தொட்டுப் பார்த்தேன். பாறை சுட ஆரம்பிப்பதற்குள், எட்டு மணிக்கே இறங்கிவிடுங்கள்.

காலை உணவு: இட்லி இரண்டு, அவித்த முட்டை வெள்ளை இரண்டு. முட்டைக்குப் பேர்போன ஊரில் மஞ்சள் கருவை எடுத்து ஓரம் வைத்தேன்.

"அத என்னங்க பண்றது?" என்றார் பரிமாறியவர்.

"டாக்டர் வேண்டாம்னுட்டார்."

"பாவமுங்க" என்றார். என்னைச் சொன்னாரா, முட்டையைச் சொன்னாரா தெரியவில்லை.

திருச்செங்கோட்டைத் தாண்டும்போது சாலையோரம் போர்வெல் வண்டிகள் வரிசையாக நின்றன. அங்கிருந்து குமரேசனின் செல்பேசி விடாமல் அடித்தது. மூன்று முறை வெட்டிவிட்டார். நான்காம் முறை, எடுங்கள் என்றேன். "எத்தன அடி, அக்கா? ... செரி, செரி" என்று மட்டும் பேசி வைத்தார்.

"என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்லீங்க. அக்கா தோட்டத்துல போர் ஓட்டறாங்க. அறுநூறு தாண்டிருச்சாம், வெறும் புழுதிதான் வருதாம். எண்ணூறுக்கு மேல ஓட்ட அவகிட்ட வழியில்லீங்க."

"தோட்டம் எங்கே?"

"போற வழிதானுங்க. நீங்க நேரத்துக்குச் சாப்பிடோணும்னீங்க. அதான் வாயத் தொறக்கல."

டைரி என் மடியில் இருந்தது. 'ஒரு மணி: மேட்டூர் மீன் வறுவல், இரண்டு துண்டு. சோறு கிடையாது.' கீழே என் கையெழுத்து. இரண்டு கிலோமீட்டர் தூரம் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். பிறகு வண்டியைத் தோட்டத்துக்குத் திருப்பச் சொன்னேன்.

எடப்பாடிக்குச் சற்று முன்னால் மேற்கே பிரியும் மண் பாதை. போய்ச் சேரும்போது மணி 12. தென்னைகள் பழுத்த மட்டைகளோடு நின்றன. நடுவில் போர் வண்டி அலறியது. கம்பி இறங்கும் துளையிலிருந்து வெள்ளைப் புழுதி எழுந்து எல்லோர் புருவத்திலும் படிந்திருந்தது. அக்கா சரோஜா குழிக்குப் பத்தடி தள்ளி நின்றார். அவர் கணவர் போர் வண்டி ஓட்டுநர், அப்போது ராஜஸ்தானில் யாருடைய நிலத்திலோ வேலையில் இருந்தார்.

"ஊருக்கெல்லாம் தண்ணி எடுத்துக் குடுக்கற மனுசன்" என்றார் குமரேசன். "இங்க தென்ன காயுது."

தண்ணீரைக் கண்ணால் பார்க்கும்வரை அடுப்புப் பற்றவைப்பதில்லை என்று சரோஜா குலதெய்வத்துக்கு வேண்டியிருந்தார். முந்தைய இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்தான். இது தெரிந்தும் குமரேசன் வாய்தவறி, "சாருக்கு சுகரு, அக்கா, ஒரு மணிக்குச் சாப்பிடோணும்" என்றுவிட்டார். சரோஜா உடனே தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.

நான் குறுக்கே போய் நின்றேன். "வேண்டாம்மா. நான் தாங்குவேன்."

"உடுங்க சாமி. சுகர்காரரப் பட்டினி போட்டுப்போட்டுத் தண்ணி வந்து என்னத்துக்கு?"

நான் எழுதி வைத்த ஒரு மணி, இந்தப் பெண்ணின் வேண்டுதலை முறிக்கப் போகிறது. போர் வண்டியிலிருந்து, துளை போடும் டிரில்லர் கத்தினார்.

"அக்கோவ், அடுப்பத் தொடாதீங்க. எங்க சோறு இருக்குது. சாரு எங்ககூட உக்காரட்டும்."

வண்டி நிழலில், அதில் வேலை செய்த வடநாட்டுத் தொழிலாளர்களோடு தரையில் உட்கார்ந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு. மூன்றுமே டைரியில் இல்லாதவை. போதும் என்று கையை மறித்தால் கைமேலேயே போட்டார்கள்.

எழுநூறு அடி. புழுதி. எழுநூற்று நாற்பது. புழுதி. கம்பி மாற்றும்போதெல்லாம் ஓசை அடங்கும். அந்த அமைதியில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. அடுத்த கம்பி இறங்கிச் சிறிது நேரத்தில் புழுதி நின்றது. துளையின் வாயில் சாம்பல் நிறச் சேறு பிதுங்கியது. டிரில்லர் கம்ப்ரஸர் காற்றைத் துளைக்குள் திறந்துவிட்டார்.

தண்ணீர் தென்னையின் பாதி உயரத்துக்கு எழுந்து நின்றது. நிறம் நீர்மோர். விழுந்த இடத்தில் குழம்பி, வாய்க்காலைத் தானே கண்டுபிடித்து ஓடியது. வெடித்த மண் அதைக் குடிக்கும் ஓசை, இத்தனை இரைச்சலிலும் எனக்குக் கேட்டது போலிருந்தது. அணைகள் திறக்கப்படுவதைச் செய்திக்காக எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இது வேறு. அந்தத் தண்ணீர் எந்தக் காலத்தில் பெய்த மழையோ. கல்லுக்குள் இருட்டிலேயே இருந்துவிட்டு, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெயிலைத் தொட்டது. என் உடம்பு சிலிர்த்து, அடங்க வெகுநேரமானது.

சரோஜா குழியருகே வந்தார். போய் ஒரு கை ஏந்தி நாக்கில் வைத்துத் துப்பினார். மறுபடி ஏந்தினார். "உப்பில்ல" என்றார். பிறகு கணவரைச் செல்பேசியில் அழைத்து, அதை அந்த ஓசையின் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் ஒரு கை ஏந்திக் குடித்தேன். கல்பொடி பல்லில் நறநறத்தது. அப்புறம் இனித்தது.

அதற்கப்புறம்தான் அடுப்பு எரிந்தது. முதலில் வந்தது எனக்குச் சர்க்கரை போடாத கடுங்காப்பி.

மேட்டூர் சேரும்போது மாலை ஐந்து. தோட்டத்திலிருந்து 35 கிலோமீட்டர்தான். நீர்த்தேக்கம் வெயில் சாய்ந்து செம்பு நிறத்தில் கிடந்தது. கரையில் மீன் வறுபட்டுக்கொண்டிருந்தது.

"மீனு வாங்கலீங்களா?" என்றார் குமரேசன்.

"ஒரு மணிச் சாப்பாடு முடிஞ்சுபோச்சு" என்றேன்.

சர்க்கரை உள்ளவர்கள் இந்த வழியில் போவதென்றால், நாமக்கல் மலையைக் காலையிலேயே முடியுங்கள். எடப்பாடிக்கும் மேட்டூருக்கும் இடையில் நல்ல உணவகம் என் கண்ணில் படவில்லை, கையில் சுண்டல் வைத்திருங்கள். டைரியை எழுதித்தான் போங்கள், கிறுக்காகத் தோன்றினாலும். ஆனால் உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, நாளுக்கு ஒரு வேளையையாவது நிரப்பாமல் விடுங்கள்.

அன்றிரவு சர்க்கரை சற்று ஏறித்தான் இருந்தது. அதையும் எழுதினேன். ஊர் திரும்பியதும் மருத்துவர் பக்கம் பக்கமாகப் படித்தார். மீன் என்ற வரி அடிக்கப்பட்டு, சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு என்றிருந்த இடத்தில் முகம் சுளித்தார். அடுத்த வரியில் பேனா நின்றது: 'தண்ணீர், ஒரு கை.'

"தண்ணியெல்லாம் எழுத வேண்டாம் சார்."

"இதை எழுதாமல் விட முடியவில்லை" என்றேன்.